குட்டி போடும் மீன்கள்!

பெற்ற தாயிடம் இருந்தே குட்டிகளைக் காப்பாற்றிய சிறுமி

மீன் முட்டை போடும். இது எல்லோருக்கும் தெரியும்.

மீன் குட்டி போடுமா?

போடும்! கண்ணாடித் தொட்டியில் துள்ளி விளையாடும் வண்ண மீன்களில் சில, குட்டிதான் போடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் அந்தக் குட்டிகள் நீந்துகின்றன. அன்றே இரை தேடுகின்றன.

ஆனால், பிறந்த அந்த நேரத்தில்தான் அவற்றுக்கு ஓர் ஆபத்தும் காத்து இருக்கிறது.

அந்த ஆபத்து வேறு யாரும் அல்ல. பெற்ற தாய்தான்!

சென்னையில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

பிறந்தநாள் பரிசு

அந்த வீட்டில் ஒரு சிறுமி. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார். "மீன் வேண்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொளத்தூருக்குப் போனார்கள். கொளத்தூர், வண்ண மீனுக்குப் பெயர் பெற்ற இடம். வீட்டுப் பின்புறத்திலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி மீன் வளர்க்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. கடைகளும் வரிசையாக இருக்கின்றன.

அப்பா 4 கப்பி மீன்கள் வாங்கினார். ஒன்று ஆண். மூன்று பெண்.

"இரண்டு ஆண், இரண்டு பெண் கொடுங்களேன்" என்று சிறுமி கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். "வேண்டாம் பாப்பா. ஆண் மீன் ஓயாமல் பெண் மீனைத் துரத்தும். ஒரே பெண் மீன் அகப்பட்டுக்கொண்டால், இரை தின்னக்கூட விடாது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருந்தால், ஒன்றையே துரத்தாது" என்றார்.

2 அடி நீளத் தொட்டி. சுமார் 50 லிட்டர் தண்ணீர். 4 மீன்களும் அதில் குடியேறின.

ஆண் எது? பெண் எது?

கப்பியில் ஆண் மீன் சிறியது. ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனால் அழகு எல்லாம் அதற்குத்தான். வால், விசிறி போல விரியும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பல நிறம் காட்டும்.

பெண் மீன் பெரியது. 2 அங்குலம் வரை வளரும். பெரும்பாலும் நிறம் மங்கல். வயிறு பருத்து இருக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இன்னொரு வழி உண்டு. வயிற்றுக்கு அடியில், வால் பக்கமாக ஒரு துடுப்பு இருக்கிறது. பெண்ணுக்கு அது சிறு விசிறி போல இருக்கும். ஆணுக்கு, நீண்டு மெலிந்த குச்சி போல இருக்கும். இந்தக் குச்சித் துடுப்பின் வழியாகத்தான் ஆண் மீனின் உயிரணு பெண் மீனின் உடலுக்குள் செல்கிறது.

கப்பி மட்டும் அல்ல. மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகியவையும் குட்டி போடுபவை. வாள்வால் மீனில் ஆணுக்கு மட்டும் வாலின் கீழ்ப்பகுதி வாள் போல நீண்டு இருக்கும். இந்த நான்கும் அமெரிக்கக் கண்டத்து மீன்கள். இன்று உலகம் முழுவதும் வீட்டுத் தொட்டிகளில் வாழ்கின்றன.

வயிற்றுக்குள்ளேயே முட்டை

பசு கன்று போடுவது போல இவை குட்டி போடுகின்றனவா? அப்படிச் சொல்ல முடியாது.

கப்பியின் வயிற்றுக்குள் முட்டை இருக்கிறது. ஆனால் அது முட்டையை வெளியே விடுவது இல்லை. வயிற்றுக்குள்ளேயே வைத்துக் காக்கிறது. முட்டையில் உள்ள மஞ்சள் கருவே குட்டிக்குப் பெரும்பாலும் உணவு. குட்டி முழுதாக வளர்ந்த பிறகு வெளியே வருகிறது.

இதற்குச் சுமார் 4 வாரம் ஆகும். தண்ணீர் குளிர்ந்து இருந்தால் சில நாட்கள் கூடும். மோலிக்கும் சற்றுக் கூடுதல் நாள் ஆகலாம்.

இன்னும் ஒரு வினோதம்! ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் போதும். அந்த உயிரணுவைப் பெண் மீன் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆண் மீனே இல்லாவிட்டாலும் அடுத்தடுத்துக் குட்டி போடும்.

"பெண் மீன் ஒன்றுதான் வாங்கினேன். அது எப்படிக் குட்டி போட்டது?" என்று பலர் திகைப்பார்கள். காரணம் இதுதான். கடையில் இருக்கும்போதே அது கர்ப்பமாகி இருக்கும்.

முதல் சோகம்

சிறுமியின் வீட்டில் மூன்றாவது வாரமே ஒரு பெண் மீனின் வயிறு பெருத்தது. வயிற்றின் பின்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. நாளுக்கு நாள் அது பெரிதானது.

ஒருநாள் காலை. பல் துலக்கிக்கொண்டே தொட்டியைப் பார்த்தாள் சிறுமி. கண்ணாடி ஓரத்தில் ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தாள். கண்ணும் வாலுமாக, கடுகை விடச் சற்றுப் பெரிய குட்டிகள்!

"பாட்டி! நம் மீன் குட்டி போட்டுவிட்டது!"

எண்ணினாள். 11 இருந்தன.

பள்ளிக்கூடம் போனாள். வகுப்பு முழுக்க அதே பேச்சு. மாலையில் ஓடி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

ஒன்றுகூட இல்லை.

"பாட்டி, குட்டி எங்கே?"

பாட்டி தயங்கினார். மத்தியானம் அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். பெரிய மீன்கள் துரத்தித் துரத்திக் குட்டிகளை விழுங்கின. தாயும் விழுங்கியது.

சிறுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தாயே குட்டியைத் தின்னுமா? இந்த மீன் நமக்கு வேண்டாம். கடையிலேயே கொடுத்துவிடலாம்" என்றாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாட்டி அவளை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"அதற்குத் தன் குட்டி என்று தெரியாது, கண்ணு. வாய்க்கு எதிரே சின்னதாக எது அசைந்தாலும் அதற்கு இரைதான். ஓடையில் இருந்தால் குட்டி ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய ஒரு புல்லாவது வைத்தோமா? தப்பு நம்முடையது" என்றார்.

பாட்டி சொன்னது முழுக்க உண்மை. ஓடையில் செடி உண்டு. கல் இடுக்கு உண்டு. கரை ஓரத்தில் ஆழம் இல்லாத தண்ணீர் உண்டு. பெரிய மீன் அங்கே வர முடியாது. வெறும் கண்ணாடித் தொட்டியில் குட்டி எங்கே போகும்?

அந்த மீனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது சோகம்

ஒரு மாதம் கழிந்தது. மறுபடியும் வயிறு பெருத்தது. இந்தத் தடவை சிறுமி விழிப்பாக இருந்தாள். குட்டிகள் வெளியே வந்ததும் ஒரு சிறு கிண்ணத்தால் தண்ணீரோடு சேர்த்து முகந்தாள். 26 குட்டிகள் கிடைத்தன.

ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி, அதில் விட்டாள். குழாய்த் தண்ணீர் ஊற்றவில்லை. "குட்டிக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும்" என்று, வீட்டில் குடிப்பதற்கு வாங்கிய கேன் தண்ணீரை ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு குட்டியும் உயிரோடு இல்லை.

என்ன காரணம்?

நாம் குடிக்கும் கேன் தண்ணீர், பெரும்பாலும் உப்புகளை வடிகட்டி எடுத்த தண்ணீர். கப்பிக்கும் மோலிக்கும் தண்ணீரில் தாது உப்பு வேண்டும். நமக்குக் 'கடினத் தண்ணீர்' என்று அலுத்துக்கொள்ளும் கிணற்றுத் தண்ணீர்தான் அவற்றுக்கு நல்லது. அதோடு, பழகிய தண்ணீரில் இருந்து சட்டென்று வேறு தண்ணீருக்கு மாற்றினால் பெரிய மீனே தாங்காது. பிறந்த குட்டி எப்படித் தாங்கும்?

அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் விவரம் தெரியாத அன்பு, 26 உயிரைக் கொன்றுவிட்டது.

இந்தத் தடவை சிறுமி அழவில்லை. அப்பாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் கொளத்தூர் போனாள். அதே கடைக்காரரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியது

மீன் வளர்க்கும் எல்லோருக்கும் பயன்படும் குறிப்புகள் அவை. நீங்களும் படியுங்கள்.

1. தண்ணீர்: குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலக்கிறார்கள். அது மீனுக்கு ஆகாது. வாய் அகன்ற தொட்டியில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு ஊற்ற வேண்டும். அவசரம் என்றால் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்து கடையில் கிடைக்கும். குட்டிகளை வேறு தொட்டிக்கு மாற்றும்போது, பழைய தொட்டித் தண்ணீரையே அதில் ஊற்ற வேண்டும்.

2. வெப்பம்: 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை நல்லது. நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் சூடு ஏற்றும் கருவி தேவை இல்லை. ஆனால் நேர் வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் சிறு தொட்டியை வைக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் கொதித்துவிடும்.

3. ஒளிய இடம்: தொட்டியில் பாசிச்செடிகள் நிறைய இருக்க வேண்டும். தண்ணீர் மேல்மட்டத்திலும் மிதக்க வேண்டும். செடி கிடைக்காவிட்டால், சாயம் போகாத நைலான் நூலைக் கற்றையாகக் கட்டி மிதக்கவிடலாம். குட்டி அதற்குள் புகுந்துகொள்ளும். பெரிய மீன் புக முடியாது.

4. பிரசவ நேரம்: கறுப்புப் புள்ளி நன்றாகக் கறுத்து, வயிறு சதுரம் போல ஆனால், நாள் நெருங்கிவிட்டது. தாய் மூலையில் ஒதுங்கி நிற்கும். அந்த நேரத்தில் வலை போட்டுத் துரத்தக் கூடாது. பயந்தால் குறைப் பிரசவம் ஆகலாம். மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே, கிண்ணத்தால் தண்ணீரோடு முகந்து மாற்ற வேண்டும். குட்டி போட்டு முடித்ததும் தாயைப் பழைய தொட்டிக்கு அனுப்பிவிட வேண்டும்.

5. சாப்பாடு: குட்டியின் வயிறு சிறியது. ஒரே வேளையில் கொட்டக் கூடாது. ஒரு நாளைக்கு 4, 5 தடவை, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பெரிய மீனுக்குப் போடும் தீனியை இரு விரலால் மாவு போலப் பொடித்துத் தூவலாம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை ஊசிமுனை அளவு எடுத்து, தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். அளவு மீறினால் தண்ணீர் நாறிவிடும். 'ஆர்டீமியா' என்ற உப்புத் தண்ணீர்ப் பூச்சியின் முட்டை கடையில் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால், ஒரு நாள் ஒன்றரை நாளில் பொரிக்கும். அந்த உயிர் இரையைத் தின்னும் குட்டிகள் மளமளவென்று வளரும்.

6. சுத்தம்: மீனின் கழிவில் இருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியில் இருந்தும் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது. குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். 2, 3 நாளுக்கு ஒரு தடவை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. தொட்டியில் கை விட்டால், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும்.

7. பிரித்து வைத்தல்: 3, 4 வாரத்தில் எது ஆண், எது பெண் என்று தெரிய ஆரம்பிக்கும். உடனே தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் 2, 3 மாதத்துக்குள் அவையே குட்டி போட ஆரம்பித்துவிடும். அண்ணன், தங்கைக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனம் பெருகினால் குட்டிகள் நோஞ்சானாகும். அவ்வப்போது வெளியில் இருந்து நல்ல ஆண் மீன் வாங்கிச் சேர்க்க வேண்டும்.

பெயர் வந்த கதை

கப்பி என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா?

மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்று டிரினிடாட். அங்கே ராபர்ட் ஜான் லெக்மெர் கப்பி என்ற ஆங்கிலேயர் இருந்தார். அவர் இந்த மீனைப் பிடித்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்த குந்தர் என்ற விஞ்ஞானி, இது புது மீன் என்று நினைத்தார். 1866-ம் ஆண்டு கப்பியின் பெயரையே மீனுக்கு வைத்துவிட்டார்.

ஆனால் இது புது மீன் அல்ல! 1859-ம் ஆண்டிலேயே, வெனிசுலா நாட்டில் இருந்து வந்த அதே மீனுக்கு, பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பெயர் வைத்து இருந்தார். முதலில் வைத்த பெயருக்குத்தான் மதிப்பு என்பது விஞ்ஞான உலகின் விதி. எனவே குந்தர் வைத்த பெயர் புத்தகத்தில் நிற்கவில்லை. மக்கள் வாயில் மட்டும் 'கப்பி' நின்றுவிட்டது.

இந்தச் சின்ன மீன் விஞ்ஞானத்துக்கும் உதவி இருக்கிறது. சில ஆண் கப்பிகளின் உடலில் இருக்கும் புள்ளி, மகனுக்கு மட்டுமே வருகிறது, மகளுக்கு வருவது இல்லை என்று டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகள் 1920-ம் ஆண்டு வாக்கில் கண்டார்கள். தந்தையின் குணம் மகனுக்கு எப்படிப் போகிறது என்ற ஆராய்ச்சிக்கு அது பெரிய துணை ஆனது.

குட்டி போடும் மீன்களில் ஆணே இல்லாத ஓர் இனமும் உண்டு! அமேசான் மோலி என்பது அதன் பெயர். மெக்சிகோவிலும், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் இருக்கிறது. எல்லாமே பெண். வேறு இன ஆண் மீனோடு சேர்ந்தாலும், பிறக்கும் குட்டி தாயைப் போலவே இருக்கும். 1932-ம் ஆண்டு இதை விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பெயரில் அமேசான் இருந்தாலும் அந்த நதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கிரேக்கப் பழங்கதையில் வரும் அமேசான் வீராங்கனைகளின் பெயர் அது.

மூன்றாவது தடவை

சரி, சிறுமியின் வீட்டுக்கு வருவோம்.

மூன்றாவது தடவை எல்லாம் தயாராக இருந்தது. தொட்டி நிறையப் பாசிச்செடி. பக்கத்தில் குட்டிகளுக்குத் தனித் தொட்டி. அதில் பழைய தொட்டித் தண்ணீர்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை. பாட்டிதான் முதலில் பார்த்தார். "கண்ணு, எழுந்திரு. வந்துவிட்டன!" என்று எழுப்பினார்.

சிறுமி ஓடி வந்தாள். செடிக்குள் குட்டிகள் அசையாமல் நின்றன. தாய் மேலே உலாவியது. உள்ளே புக முடியவில்லை.

பாட்டி விளக்கைப் பிடித்துக்கொண்டார். சிறுமி கிண்ணத்தால் முகந்தாள். 23 குட்டிகள்.

முதல் வாரத்தில் 4 குட்டிகள் இறந்தன. மீதி 19 பிழைத்தன. ஒரு மாதத்தில் சிலவற்றுக்கு வாலில் நிறம் ஏறியது. இரண்டு மாதத்தில் ஆண் குட்டிகளின் வால், தந்தையின் வால் போலவே விரிந்தது.

கோயில் குளத்தில் விடலாமா?

இப்போது வேறு பிரச்சினை. தொட்டி நிறைந்துவிட்டது. அடுத்த பிரசவமும் நெருங்கியது.

"கோயில் குளத்தில் விட்டுவிடலாம். புண்ணியம்" என்றார் பாட்டி.

"கூடாது பாட்டி" என்றாள் சிறுமி. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்து இருந்தாள்.

அவள் சொன்னது சரியா? சரிதான்.

கப்பி நம் நாட்டு மீன் அல்ல. பல வகைத் தண்ணீரில் பிழைக்கும். மாதம் ஒரு தடவை குட்டி போடும். நம் குளத்து மீன்களின் இரையைப் பங்கு போடும். அவற்றின் முட்டையையும் குஞ்சையும் தின்னும்.

கப்பிக்கு ஓர் உறவுக்கார மீன் உண்டு. அதன் பெயர் கம்பூசியா. கொசுப் புழுவைத் தின்னும் என்று, அமெரிக்காவில் இருந்து அதைக் கொண்டுபோய்ப் பல நாடுகளில் விட்டார்கள். அது உள்ளூர் மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் சேர்த்து அழிக்க ஆரம்பித்தது. உலகில் பெருங்கேடு செய்யும் 100 அயல் உயிர்களின் பட்டியலில் இன்று அதுவும் இருக்கிறது.

வீட்டில் உள்ள மூடிய தொட்டியில் கொசுப் புழுவைத் தின்னக் கப்பி விடுவது வேறு. ஆறு, குளம், ஏரியில் விடுவது வேறு.

பாட்டி யோசித்தார். "முதல் தடவை நான் உனக்குச் சொன்னேன். இப்போது நீ எனக்குச் சொல்கிறாய்" என்று சிரித்தார்.

மீன்கள் குளத்துக்குப் போகவில்லை. 6 மீன்கள் எதிர்வீட்டுக்குப் போயின. 5 மீன்கள் பள்ளித் தோழி ஒருத்தியிடம் போயின. ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தாள் சிறுமி. ஒவ்வொரு பையோடும் தன் கையெழுத்தில் ஒரு தாளும் கொடுத்தாள். முதல் வரி: "கேன் தண்ணீர் ஊற்றாதே."

பணம் வருமா?

"மீன் வளர்த்தால் பணம் வருமா?" என்று கேட்பீர்கள்.

சாதாரணக் கப்பி விலை மலிவு. வீட்டுத் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய வருமானத்தை எதிர்பார்க்க முடியாது. ஒரே நிறம், ஒரே வால் என்று சுத்தமான ரகத்தைக் காப்பாற்றி வளர்ப்பவர்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது. அதற்குத் தொட்டிகள் பல வேண்டும். பொறுமை அதைவிட வேண்டும். முதலில் ஒரு தொட்டியில் ஒரு வருஷம் வளர்த்துப் பாருங்கள். குட்டிகள் பிழைக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பணத்தைப் போடுவது பற்றி யோசிக்கலாம்.

சிறுமி வீட்டில் இன்று 8 குட்டிகளும், பெரிய மீன்கள் நாலும் இருக்கின்றன. முதலில் குட்டிகளைத் தின்ற அந்தத் தாய் மீனும் இருக்கிறது.

"அதன் மேல் இன்னும் கோபமா?" என்று கேட்டோம்.

"இல்லை. அதற்கு இரை போட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன்" என்றாள்.